கேட்டதும் கேட்டவையும்

● சமீபத்தில் கேட்ட ஆல்பங்களில் மனசில் நின்றது எது?
– பரமக்குடி வாசகர்

எம்.ஐ.ஏ.யின் ‘கலா’. வந்தது 2007-இல். நான் முழுசாக, வரிசை மாற்றாமல் கேட்டது போன வாரம். சமீபம் என்பது காதுக்குத்தானே, காலண்டருக்கா?

மாயா அருள்பிரகாசம் ஈழத்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர் வைத்தார் (‘அருளர்’, 2005). இரண்டாவதற்கு அம்மா பெயர். ‘பாய்ஸ்’, ‘பேர்ட் ஃப்ளூ’ இரண்டிலும் அடிப்பது நம்ம உறுமி. சென்னைக்கு வந்து ஒலிப்பதிவு செய்துகொண்டு போனார். லண்டன்காரர்களுக்கு அது புது ஒலியாக இருந்திருக்கலாம். முளைப்பாரி ஊர்வலத்தின் பின்னால் நடந்த பரமக்குடிக்காரருக்குக் கால் தானாக ஆடும். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு அடியில் ஓடுவது ‘தி கிளாஷ்’ என்ற இங்கிலாந்து பங்க் குழுவின் 1982-ஆம் வருஷத்துக் கிடார். அதன்மேல் துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம். அகதியைச் சந்தேகமாகப் பார்க்கிறவர்களை இதைவிட ஜாலியாக யாரும் கிண்டலடித்ததில்லை.

குறையே இல்லையா? கடைசிப் பாட்டில் அமெரிக்க ராப்பர் டிம்பலண்ட் வருகிறார். வராமலே இருந்திருக்கலாம்.

● என் மகள் நாள் முழுக்க கொரிய பாப் குழு பி.டி.எஸ். கேட்கிறாள். ஒரு வார்த்தை புரியாமல் அதில் என்ன ரசனை?
– கீழக்கரை வாசகர்

அண்ணே, நீங்கள் ‘சுராங்கனி’ பாடியதே இல்லையா? எத்தனை சிங்களம் தெரிந்து பாடினீர்கள்? அதில் ஒருத்தன் மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறான் என்பதாவது தெரியுமா? தெரிந்திருந்தால், கடற்கரைக்காரராக, ‘என்ன மீன், என்ன விலை’ என்று கேட்டிருப்பீர்கள். பிள்ளையை விடுங்கள். கூட உட்கார்ந்து அவர்களின் ‘மேப் ஆஃப் தி சோல்: 7’ கேளுங்கள். எனக்கு அதில் பாதி பிடித்தது. மீதிப் பாதியைப் பாடுகிறவர்களைவிடக் கம்ப்யூட்டர்தான் அதிகம் பாடியிருக்கிறது.

● ‘சுராங்கனி’ யார் பாடியது உசத்தி? சிலோன் மனோகரா, இளையராஜா படத்தில் வந்ததா?
– தங்கச்சிமடம் வாசகர்

இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ (1977) படத்தில் மலேசியா வாசுதேவன் பாடியது சுத்தமான பதிவு. என் ஓட்டு மனோகருக்கு. அவர், அதாவது ஏ.ஈ. மனோகரன், பாடும்போது ஒரு கல்யாண வீடே கூடச் சேர்ந்து கத்துகிற தெம்பு இருக்கும். போர்த்துக்கீசியர் விட்டுப்போன பைலா தாளம் அது. உட்கார்ந்து கேட்பதற்குச் செய்ததே இல்லை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் அதே கடையில் வாங்கிய சரக்குதான். சினிமா தயவு இல்லாமல், நடிகர் முகம் இல்லாமல், தமிழில் பாப் பாட்டு ஊரெல்லாம் ஓடியது முதலில் இலங்கைக் கரையில். நம்ம கரைக்கு அது சென்னை வழியாக வரவில்லை. இலங்கை வானொலியில் நேராக வந்து இறங்கியது. பாக் நீரிணையில் அதற்கு மட்டும் எல்லை தாண்டிய வழக்கு கிடையாது.

● டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘தி டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்’ கேட்டீர்களா?
– ராமநாதபுரம் வாசகி

முழுத் தொகுப்பில் 31 பாட்டு, தாயி! ஏலத்துக்கு வருகிற கூடை மாதிரி: மேலே நாலைந்து விளைமீன், அடியில் கை விட்டால் எல்லாம் காரல்.

● ‘எஞ்சாயி எஞ்சாமி’யைப் பற்றி ஒரு வரி?
– மண்டபம் வாசகர்

ஒரு வரி போதாது, அதுவும் கேட்பது மண்டபத்துக்காரர். 2021 மார்ச்சில் வந்த அந்தப் பாட்டில் வருகிற வள்ளியம்மாள், பாடகர் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்துக்குப் போன கூலிகளைக் கப்பலேற்றுவதற்கு முன்பு தடுத்து வைத்துச் சோதித்த முகாம் எங்கே இருந்தது? உங்கள் ஊரில். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி வந்து இறங்கியது எங்கே? பக்கத்து ராமேஸ்வரத்தில். பாட்டைக் கேட்டு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. ஆடட்டும், தப்பில்லை. பாடகி தீ பாடுகிற இடம் தேன். ஆனால் பாட்டின் முதுகெலும்பு அறிவின் ஒப்பாரித் தொனி.

● ரீல்ஸ் காலத்தில் யார் சார் முழு ஆல்பம் கேட்கிறார்கள்?
– தொண்டி வாசகர்

பஸ்ஸில் போகிறவர்கள் கேட்கலாம். பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) சுமார் 43 நிமிஷம். ராமநாதபுரத்தில் ஏறி உட்கார்ந்து போட்டால் பாம்பன் பாலம் வருவதற்குள் முடிந்துவிடும். நெஞ்சுத் துடிப்பில் தொடங்கி நெஞ்சுத் துடிப்பிலேயே முடிகிற ஆல்பம். நடுவில் நிறுத்தினால் பாவம். டிரைவர் தன் ஸ்பீக்கரில் வேறு பாட்டு போட்டிருந்தால்? பிங்க் ஃபிளாய்ட் தோற்றுப்போகும். அனுபவம்.

● இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ராக்கா, பாப்பா, கர்நாடகமா?
– தேவிப்பட்டினம் வாசகர்

1986-இல் அவரே தலைப்பில் கைவிரித்துவிட்டார். என்னை மாட்டிவிடுகிறீர்களே.