ஹூம் சார்

தெருவுக்கு ஒரு ஹூம் சார் இருப்பார்; ஆங்கிலத்தில் ஹூ (who), ஹூம் (whom), விச் (which) சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று காவல் காப்பவர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். வீட்டு அலமாரியில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக, அட்டை போட்ட ரென் அண்டு மார்ட்டின் ஆங்கில இலக்கணப் புத்தகம். அந்த ரென்தான் 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதியவர் என்று சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார். கதை எழுதுகிற ஆளுக்கு இலக்கணம் வருமா?

ஆங்கிலத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை யாரென்று பார்க்க மாட்டார். ஹூ நிற்க வேண்டிய இடத்தில் விச் நிற்கிறதா என்றுதான் கண் ஓடும்.

எதிர்வீட்டுக்காரர் காலமான தகப்பனாருக்கு ஆங்கிலத்தில் அஞ்சலிக் குறிப்பு எழுதிக்கொண்டு போனார். ‘ஹிஸ் ஒய்ஃப் ஹூ லிவ்ஸ் இன் திருச்சி’ என்ற இடம் வந்ததும் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“மத்த சம்சாரமெல்லாம் எந்த ஊர்ல இருக்காங்க?”

“சார்!”

“நான் சொல்லலை தம்பி, நீங்க எழுதினது சொல்லுது. கமா இல்லேன்னா பல பேர்ல ஒருத்தரைப் பிரிச்சுக் காட்டுறீங்கன்னு அர்த்தம். ஹூவுக்கு முன்னால ஒண்ணு, திருச்சிக்குப் பின்னால ஒண்ணு போடுங்க. அப்பா ஏகபத்தினி விரதர் ஆயிடுவார்.”

இரண்டு கமாவில் குடும்ப மானம் தப்பியது.

கௌரவமாக இருக்கட்டுமே என்று கண்ட இடத்தில் ஹூம் போடுகிறவர்களைக் கண்டால்தான் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். பேரன் ‘தி மேன் ஹூம் ஐ தாட் வாஸ் எ தீஃப்’ என்று எழுதியிருந்தான். நடுவிலிருந்த ‘ஐ தாட்’டைக் கட்டைவிரலால் மறைத்தார்.

“இப்பப் படிடா. ஹூம் வாஸ் எ தீஃப்பா? ஹிம் வாஸ்னு எழுதுவியா?”

இந்தக் கட்டைவிரல் வைத்தியம் நிஜமாகவே நல்ல வைத்தியம்.

தட் (that) எங்கே, விச் எங்கே என்பதில், ஆங்கில நடைக்கு அகராதி எழுதிய ஃபௌலர் 1926இல் வகுத்த வழிதான் அவருக்கு வேதம். பெரும்பாலான எழுத்தாளர்கள் அப்படி எழுதுவதில்லை என்று ஃபௌலரே ஒத்துக்கொண்ட இடத்தை மட்டும் விரைந்து புரட்டிவிடுவார்.

அவரை ஒரேயொரு முறை மடக்கியவர் பக்கத்துத் தெரு பாதிரியார். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளை விரித்துக் காட்டினார். பரமண்டல ஜெபத்தில் கடவுளுக்கே விச் போட்டிருந்தது! அன்று மாலை சார் நடைப்பயிற்சிக்கு வரவில்லை. மறுநாள் பதிலோடு வந்தார்: “அந்தக் காலத்துல அது சரி ஃபாதர். இப்ப நீங்க எழுதினா தப்பு.”

அதுவும் சரிதான்.

ஆங்கிலத்தில் பத்திரிகை அடிப்பதாக இருந்தால், அச்சகத்துக்குப் போகும் வழியில் அவரிடம் ஒரு நடை காட்டிவிடுங்கள். காசு வாங்க மாட்டார்.