மைக்கை நீட்டுவதற்கு முன்னால்

கே: நடிகையின் எடை எவ்வளவு என்று கேட்டது ஒரு குற்றமா? டாக்டர் கேட்பதில்லையா?

ப: டாக்டர் மருந்தின் அளவை முடிவு செய்யக் கேட்கிறார். கேட்டதைச் சபையில் சொல்லிச் சிரிப்பதில்லை. 2025 நவம்பரில் வெளியான 'அதர்ஸ்' படத்தை ஒட்டிச் சென்னையில் நடந்தது வேறு. கதாநாயகி கௌரி கிஷனைப் பாட்டில் தூக்கினீர்களே, என்ன வெயிட் இருந்தார் என்று ஒரு யூடியூபர் கேட்டார். கேட்டதும் அவரிடம் இல்லை, கதாநாயகனிடம். லாரியிலிருந்து மூட்டை இறக்கியவரிடம் விசாரிப்பது போல ஒரு விசாரிப்பு. பிறகு நடந்த சந்திப்பில் கௌரி அதை நேருக்கு நேர் எடுத்துப் பேசினார். இது உருவக்கேலி என்றார். இதெல்லாம் சாதாரணக் கேள்விதான் என்று கேட்டவர் குரலை உயர்த்தினார். கௌரிதான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பெண் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

கே: மேடையில் இருந்த மற்றவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை?

ப: அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இயக்குநர் இருந்தார், நாயகன் இருந்தார். அந்த அறையில் இருக்கும் ஒரே பெண் தான்தான் என்பதைக்கூடக் கௌரியே சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நாயகன் வருத்தம் தெரிவித்தார். நடிகர் சங்கமும் மலையாள நடிகர்களின் 'அம்மா'வும் கண்டித்தன. சென்னைப் பத்திரிகையாளர் மன்றமும் கண்டித்தது. தன் தொழிலைச் சேர்ந்தவர்களின் பக்கம் சாயாமல் நின்றதற்காக அதைப் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் எல்லாமே வீடியோ ஊரைச் சுற்றி வந்த பிறகு. "அடுத்த கேள்விக்குப் போகலாம் சார்" என்று பக்கத்தில் ஒருவர் அப்போதே சொல்லியிருந்தால் போதும். ரிலீஸ் வாரத்தில் கேமரா வைத்திருப்பவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற பயம் சினிமாவில் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்கான அவமானத்தை மட்டும் நடிகையின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

கே: ஹீரோக்களிடமும்தான் சிக்ஸ்பேக் பற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் கோபப்படுகிறார்களா?

ப: 2015-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் பொங்கலுக்கு 'ஐ' வந்தது. அந்தப் பாத்திரத்துக்காக விக்ரம் எலும்பும் தோலுமாக இளைத்திருந்தார். அர்ப்பணிப்பு என்று எழுதினோம், சரியாகத்தான் எழுதினோம். அதே வருடம் நவம்பரில் 'இஞ்சி இடுப்பழகி' வந்தது. அதற்காக அனுஷ்கா நிஜமாகவே குண்டானார். அதுவும் அதே அர்ப்பணிப்புதானே? ஆனால் படம் வந்து வருடங்கள் ஆன பிறகும் "அனுஷ்கா இளைத்துவிட்டாரா, இல்லையா?" என்ற செய்தி ஓயவில்லை. விக்ரமுக்கு உடம்பு அவருடைய உழைப்பின் கணக்கில் சேர்ந்தது. அனுஷ்காவுக்கு அதே உழைப்பு உடம்பின் கணக்கில் போய்விட்டது.

கே: ஹாலிவுட்டில் இந்தத் தொல்லை இல்லைதானே?

ப: நன்றாகவே உண்டு. 2012-ல் 'அவெஞ்சர்ஸ்' பத்திரிகையாளர் சந்திப்பில் ராபர்ட் டௌனி ஜூனியரிடம் அவருடைய பாத்திரத்தின் மனவளர்ச்சி பற்றிக் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த ஸ்கார்லெட் ஜோஹான்சனிடம் என்ன டயட் என்று கேட்டார்கள். அவர் டௌனி பக்கம் திரும்பி, உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு ஆழமான கேள்வி கிடைக்கிறது என்று கேட்டேவிட்டார். 2014-ல் ஒரு விருது விழாவில் கேமரா தன்னைக் காலிலிருந்து தலைவரை மேய்ந்தபோது கேட் பிளான்செட் குனிந்து லென்ஸைப் பார்த்து, ஆண்களையும் இப்படித்தான் எடுக்கிறீர்களா என்றார்.

கே: யூடியூப் வந்துதான் எல்லாம் கெட்டுப்போனது என்கிறேன். சரியா?

ப: இல்லை. 1940-களிலேயே சி.என். லட்சுமிகாந்தனின் 'சினிமா தூது'வும் பிறகு 'இந்துநேசன்' பத்திரிகையும் நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதித்தான் விற்றன. 1944-ல் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் நடிகர்கள் பாகவதரும் கலைவாணரும் சிறை சென்று 1947-ல் வெளியே வந்தார்கள். அவர்கள் இழந்ததைப் பற்றி இன்றுவரை பேசுகிறோம். அந்தப் பக்கங்களில் சந்தி சிரிக்கவைக்கப்பட்ட நடிகைகள் இழந்தது என்ன என்று பேசுவோர் அரிது. யூடியூப் செய்த மாற்றம் ஒன்றுதான்: அன்று ஒளித்து வைத்துப் படித்ததை இன்று தம்ப்நெயிலில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள்.

கே: இதழியல் மாணவி நான். ஒரு நடிகையிடம் என்னதான் கேட்பது?

ப: கேட்க அவ்வளவு இருக்கிறது அம்மா! '96' படத்தின் ஜானுவை எடுத்துக்கொள். பள்ளிக்கூட ஜானு கௌரி கிஷன். வளர்ந்த ஜானு த்ரிஷா. த்ரிஷாவுக்குக் குரல் சின்மயி. மூன்று பெண்கள் சேர்ந்து ஒரே ஆளாக எப்படி ஆனார்கள்? ஒருவர் நடையை மற்றவர் பார்த்துப் பழகினார்களா? டப்பிங்கில் அந்த மூச்சும் தயக்கமும் எப்படி வந்தன? எந்த டேக்கை இயக்குநர் வைத்துக்கொண்டார், எதை வெட்டியதில் நடிகைக்கு வருத்தம்? படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் இப்படி முப்பது கேள்வி வரும். படம் பார்க்காமல் போகிறவருக்குத்தான் கண்ணில் பட்டதைக் கேட்கத் தோன்றும்.

கே: கல்யாணம் எப்போது என்றாவது கேட்கலாமா?

ப: பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வந்தால் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வரவில்லையென்றால், அது நீங்கள் விசாரிக்க வேண்டிய விசேஷம் இல்லை.