கோழி செட்டைப் பாத்துட்டு வந்து எழுது அம்மிணி

வா அம்மிணி, இப்புடி உக்காரு. டீச்சரு டிரெய்னிங்குல எழுதிட்டு வரச் சொல்லீட்டாங்களாமா, ஊரெல்லாம் சீக்குப் பரவற காலத்துல பள்ளிக்கூடத்தைப் பத்திரமாத் தொறக்கறது எப்புடின்னு. இதுக்கெதுக்குச் செல்போனைத் தேச்சுக்கிட்டு? கொரோனா வந்தப்ப எதை எதுக்கு முந்தித் தொறக்கோணும்னு சர்க்காரே வரிசையாச் செஞ்சு காட்டுச்சே, அதைப் பாத்து எழுது.

மொதல்ல டாஸ்மாக்கு. 2020 மே 7. மறுநாளே ஹைகோர்ட்டு மூடச் சொல்லுச்சு. உடுவாங்களா? சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 16ஆந் தேதி மறுபடி தொறந்துட்டாங்க. அப்பறம் நவம்பர் 10, சினிமாக் கொட்டாயி, பாதி சீட்டுக்கு. பள்ளிக்கூடத்தை நவம்பர் 16ல தொறக்கறதாச் சொல்லி, 9ஆந் தேதி பெத்தவங்களைக் கூப்புட்டுக் கருத்துக் கேட்டாங்க. கேட்டுப்போட்டு, இப்ப வேண்டாம்னு தள்ளி வெச்சாங்க. நல்ல ஏற்பாடுதான். டாஸ்மாக்குத் தொறக்கறக்கு முந்திப் பொண்டாட்டிமாரைக் கூப்புட்டு ஒரு கருத்துக் கேட்டிருந்தாங்கன்னா... சரி, அது உன்ற பாடத்துல வராது.

பத்தாப்பும் பன்னெண்டாப்பும் 2021 ஜனவரி 19ல உள்ள போச்சு. ரூமுக்கு 25 பேரு, கையில சத்து மாத்திரை, ஜிங்க் மாத்திரை. அப்பறமா உள்ள போன ஒம்பதாப்பு, பதினொண்ணாப்போட சேத்துப் பத்தாப்புக்கும் மார்ச்சுல மறுபடியும் லீவு. பொடுசுக, ஒண்ணாப்புலருந்து எட்டாப்பு வரைக்கும், வாசப்படி மிதிச்சது 2021 நவம்பர் 1ல. ஒண்ணாப்புல உக்காந்திருந்த புள்ளை, ரெண்டாப்பு ரூமைக் கண்ணுலயே பாக்காம மூணாப்புல வந்து எறங்குச்சு. என்னா வேகம் பாரு!

டென்மார்க்குன்னு ஒரு தேசம் இருக்குதாமா. அவுங்களுக்கு வெவரம் பத்தாது. 2020 ஏப்ரல் 15லயே பொடுசுக பள்ளிக்கூடத்தைத்தான் மொதல்ல தொறந்தாங்களாம். குளுருல வேற புள்ளைகளை வெளிய உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்களாம். நம்மகிட்ட வேப்பமரம் இருக்குது, புங்கமரம் இருக்குது. ஆனாக்க அதுக்கடியில ஹெட்மாஸ்டரு வண்டி நிக்கோணுமே.

சரி, கேலியை உடு. பல்லடத்துல பொறந்துட்டு இந்தக் கேள்விக்கு முழிக்கலாமா? எந்தக் கோழிப் பண்ணைக்காச்சும் போயி நின்னு பாரு. செட்டு கெழக்கு மேக்கா நீளமா இருக்கும், வெயிலு உள்ள உழுகாது. பக்கச் செவுரு முட்டி ஒசரந்தான், அதுக்கு மேல பூராக் கம்பி வலை. காத்து நின்னுச்சுன்னா கோழிக்கு மூச்சுக் கோளாறு வந்துரும். கோழிக்கு ஒரு சதுர அடின்னு கணக்குப் போட்டுத்தான் குஞ்சு உடுவாங்க. இந்த செட்டுக் கோழிய அந்த செட்டுல கலக்க மாட்டாங்க. ஒண்ணு சோந்து போயிக் கழுத்தைத் தொங்கப் போட்டா அப்பவே ஒதுக்கம். ஒரு பேட்சு போனா, கழுவிச் சுண்ணாம்படிச்சுக் காயப்போட்டுத்தான் அடுத்த குஞ்சு. கோழி தின்னாக் கொரோனா வரும்னு 2020ல எவனோ போன்ல கெளப்பிவிட்டு, பண்ணைக்காரன் வந்த வெலைக்குத் தள்ளுனான் பாரு, அந்தக் கோழிகிட்டத்தான் நாம யோசனை கேட்டிருக்கோணும்.

நம்ம பள்ளிக்கூடத்துல என்ன நடக்குது? பக்கத்துல தறி ஓடுற சத்தத்துல டீச்சரு சொல்றது காதுல உழுகாதுன்னு சன்னலைச் சாத்தித் தாப்பாப் போடறாங்க. உள்ளயே சுத்துற காத்தை ஃபேனு வேற சுத்தி உடுது. கொரோனா வந்தப்ப கேட்டுல மாத்திரம் நெத்தியில துப்பாக்கி வெச்சுச் சூடு பாத்தாங்க. அட, 2020 ஏப்ரல்ல நம்ம திருப்பூருத் தென்னம்பாளையம் சந்தையில கூண்டு கட்டி, போற வாற ஆளு மேலெல்லாம் மருந்துத் தண்ணி தெளிச்சாங்களே! நாடே பாத்து அதிசயப்பட்டு, ஊருக்கூருக் கட்டுனாங்க. அந்த மாசமே, ஆளு மேல மருந்து தெளிக்கப்படாதுன்னு சுகாதாரத் துறை சொல்லிப் போட்டுது. தண்ணி அடிச்சாக் கண்ணுக்குத் தெரியுது, போட்டோ எடுக்கலாம். சன்னலைத் தொறந்து உட்டா அதை என்னன்னு போட்டோ எடுக்கறது?

இன்னொண்ணு. காச்சலு கண்ட புள்ளையை அனுப்பாதீங்கன்னு போர்டு எழுதிப் போடறது சுலுவு. பனியன் கம்பெனிக்கு சிப்டு போற பொம்பளை, புள்ளையை ஆருகிட்ட உட்டுட்டுப் போவா? அன்னிக்குக் கூலி ஆரு தாரது? ஒரு மாத்திரையைக் குடுத்துச் சூட்டை எறக்கி அனுப்பிச்சுருவா. உன்ற துப்பாக்கிக்கு ஒண்ணுந் தெரியாது.

தொறந்துட்டா எல்லாம் வந்துருவாங்கன்னும் எழுதிப்போடாத. எங்க வளவுல ஒரு பையன் கம்பெனியில பிசிறு வெட்டப் போனான். மறுபடி பள்ளிக்கூடம் வந்தப்ப பென்சிலக் குடுத்தா, கத்திரி புடிக்கற மாதிரியே கட்டைவெரலை மடக்கறான். வாரக் கூலி வாங்கிப் பழகுன கையி, அசோகரு மரம் நட்டாருன்னு எழுதச் சொன்னா எழுதுமா? டீச்சரு நாலு வாட்டி வீட்டு வாசல்ல போயி நின்னுதான் கூட்டியாந்தாங்க. 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வின்னு ஒண்ணு ஆரம்பிச்சு, சாயங்காலம் 5 மணியிலருந்து 7 மணி வரைக்கும் அக்கம்பக்கத்துல படிச்சவங்களே புள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் குடுத்தாங்க பாரு, அது உருப்படியான வேலை. அதைக் கொஞ்சம் எச்சா எழுது.

போயி எழுதிட்டு வந்து எனக்குப் படிச்சுக் காட்டு. டாஸ்மாக்குப் பத்தி எழுதுனா மார்க்கைக் கொறைச்சுருவாங்கன்னு பயமா இருந்தா, அந்த எடத்துல மட்டும் ‘எங்கப்புச்சி சொன்னாரு’ன்னு போட்டுக்க. எனக்கெதுக்கு மார்க்கு?