டிப்பர் வராத வழி

வழி சொல்வதில் உத்திரமேரூருக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் அனுபவம் உண்டு. சோழர் காலத்தில் ஒரு துண்டு நிலம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், இன்ன வதிக்குக் கிழக்கே, இன்ன வாய்க்காலுக்கு வடக்கே, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் என்று கல்லில் வெட்டிவிடுவார்கள். செயற்கைக்கோள் எதுவும் தேவைப்படவில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர், பக்கத்திலிருக்கும் வேடந்தாங்கலுக்குச் சைக்கிளில் போக ராத்திரி பதினொரு மணி வரை செல்போனைத் தேய்க்கிறார் என்றால், அவர் மனைவி கேட்கிற கேள்வி நியாயமானதுதான்: “வழி தெரியலைன்னா டீக்கடையில கேக்கறதுதானே?”

அவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். ஊரில் ‘பேங்க் சார்’. மாப்பிள்ளை வாங்கித் தந்த கியர் சைக்கிளும், ஹேண்டில்பாரில் செல்போன் மாட்ட ஒரு ஸ்டாண்டும் வந்த நாளிலிருந்து அவர் வழி கேட்பதை நிறுத்திவிட்டார், வழி திட்டமிடுகிறார்.

வேடந்தாங்கலுக்குப் பெரிய வழி ஒன்று உண்டு. புக்கத்துறை கூட்டு ரோடு போய், ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, படாளத்தில் திரும்ப வேண்டும். கார்காரர்களுக்கு அது சரி. ஜி.எஸ்.டி. சாலையில் சைக்கிள் ஓட்டுவது என்பது ஆம்னி பஸ்ஸோடு கபடி ஆடுவது. சின்ன வழிகளோ ஏராளம். ஊருக்கு ஊர், ஏரிக்கு ஏரி பிரிகிறவை. எது நல்லது என்று செயலியைக் கேட்டால், அது முதலில் உங்கள் வாகனம் என்ன என்று கேட்கும்.

இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழிகாட்டும் வசதியை கூகுள் 2017 டிசம்பரில் உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் இருசக்கரம் என்றால் அங்கே மோட்டார் சைக்கிள். நடைபாதையைத் தேர்ந்தெடுத்தால் வேறு சிக்கல்: நடப்பவருக்குப் பொருத்தமான ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போக நேரும். பேங்க் சார் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார். வங்கிப் பழக்கம்.

இன்னொரு வினோதம் நிறம். பச்சைக் கோடு போட்டிருந்தால் சாலையில் நெரிசல் இல்லை என்று அர்த்தம். காரில் போகிறவருக்கு நற்செய்தி. இந்த வட்டாரத்தில் சைக்கிளில் போகிறவருக்கு அதுவே எச்சரிக்கை. கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ள பகுதி இது. சென்னையில் எழும்பும் மாடிகளுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் இப்படித்தான் போகின்றன. சாலை காலியாக இருந்தால்தான் டிப்பர் பறக்கும். பின்னாலிருந்து அது ஹாரன் அடித்தால் ஹேண்டில்பார் தானாகவே மண்ணில் இறங்கிவிடும். ஆகவே சைக்கிள்காரர் தேடுவது பச்சைச் சாலையை அல்ல. டிப்பர் திரும்பவே முடியாத அளவுக்குக் குறுகலான சாலையை. அந்த அகலத்தைச் சொல்கிற நிறம் இன்னும் வரவில்லை.

மேடு பள்ளம் தனிக்கதை. பல சைக்கிள் செயலிகள் வழியோடு ஏற்ற இறக்கத்தையும் வரைந்து காட்டும். அந்த உயரக் கணக்கில் பெரும்பங்கு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் பூமியை அளந்த கணக்கிலிருந்து வந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ரேடார் அலை அடர்ந்த மரங்களின் மேல்பகுதியிலேயே பட்டுத் திரும்பிவிடுவதால், தோப்பு இருக்கும் இடமெல்லாம் தரை உயர்ந்ததாகப் பதிவாகும். ஆக, தட்டையான இந்தச் சீமையில் புளியந்தோப்பு ஒரு குன்றாகிவிடுகிறது. அந்தக் குன்றைக் கடப்பதற்காக பேங்க் சார் முதல் நாளே வாழைப்பழம் வாங்கி வைத்தார். நிஜமாக ஏறவேண்டிய ஏரிக்கரை, படத்தில் கண்ணுக்கே தெரியவில்லை.

ஏரிக்கரை வழி அழகானது, சந்தேகமில்லை. உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்கே வைரமேகத் தடாகம் என்று பெயர். பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வந்தது. அதைப் பராமரிக்க ஏரி வாரியம் இருந்தது. குடவோலையில் ஆளெடுத்தார்கள் என்று சோழன் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. உறுப்பினருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். வாரியத்தார் காலத்தில் இல்லாத ஒன்று இன்று கரை முழுக்க இருக்கிறது: வேலிக்காத்தான். அதன் முள்ளுக்கு உள்ளூர் டயர், இறக்குமதி டயர் என்ற பேதம் கிடையாது. பஞ்சர் கடையில் டியூபை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தில் தீக்குச்சியைச் செருகியபடி கடைக்காரர் கேட்டார்: “இன்னா சார், கரை மேல ஏறி வந்தீங்களா?” டயரின் உட்புறம் விரலை மெதுவாக ஓட்டி, முறிந்து நின்ற முள்முனையைக் குறடால் பிடுங்கிக் காட்டினார். இரண்டாவது முள்ளையும் காட்டினார். மூன்றாவதைக் காட்டியபோது பேங்க் சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அறுவடைக் காலத்தில் வரைபடம் இன்னும் பரிதாபம். தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். ஓரத்தில் கருங்கல் வரிசை. உளுந்துச் செடியையோ சாலை முழுக்கப் பரப்பியிருப்பார்கள், வண்டிச் சக்கரமே போரடித்துக் கொடுக்கட்டும் என்று. சைக்கிள் போனால் செடி உதிராது, சங்கிலிதான் சிக்கும்.

இத்தனையையும் எந்தச் செயலியும் இல்லாமல் தெரிந்துவைத்திருக்கிறவர்கள் காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியிருந்தது. கியர் இல்லை, ஸ்டாண்டில் போன் இல்லை. எந்தத் தெருவில் எந்த நாய், எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு லாரி என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒரு திருப்பத்தில் பேங்க் சார் போனைப் பார்த்தபடி நின்றிருக்க, கடந்துபோன பிளஸ் டூ மாணவி பிரேக் பிடித்துச் சொன்னாள்: “தாத்தா, அந்தப் பக்கம் ஜல்லி கொட்டி அப்படியே வெச்சிருக்காங்க. இப்படி வாங்க.” வழி மிகச் சரி. ‘தாத்தா’வை மட்டும் அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த மாணவிக்குத் தெரிந்ததை வரைபடத்தில் ஏற்றுவதும் முடியாத காரியமல்ல. 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிச் சாலையைத் திருத்தலாம். தாரா, சிமென்டா, மண்ணா, ஜல்லியா என்று குறிக்கலாம். வேகத்தடை, குடிநீர்க் குழாய், சைக்கிள் கடை எல்லாவற்றுக்கும் இடமுண்டு. அந்தத் தகவலை வைத்துச் சைக்கிளுக்கென்றே வரைந்த சைக்கிளோஎஸ்எம் போன்ற படங்களும் இலவசம். பேங்க் சார் இப்போது பக்கத்து ஊர்ச் சாலைகளை ஒவ்வொன்றாக அதில் பதிகிறார். மனைவியின் கணக்கில் இது வேலைக்குப் போன காலத்தைவிட அதிக வேலை, சம்பளம்தான் இல்லை.

அவர் மட்டும் போட்டால் போதாது. நாய்க்கும் டிப்பருக்கும் நிரந்தர முகவரி இல்லாவிட்டாலும் சாலைக்கு உண்டு. மானாம்பதி, சாலவாக்கம், திருப்புலிவனம் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊர் உள்சாலைகளைக் குறித்துவைத்தால், சீசனில் வேடந்தாங்கலுக்கு வரும் சைக்கிள்காரர்கள் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமே போகவேண்டியிருக்காது. வருகிறவர்கள் மாற்று டியூபும் பம்பும் எடுத்து வரவும். ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடையை ஒன்பது மணிக்கு முன்னால் எதிர்பார்க்க வேண்டாம்.