பத்தாயமும் கார் ஷெட்டும்

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிப் பாசன ஊர் எங்களுடையது. தை பிறந்ததும் சம்பா நெல் களத்துக்கு வரும். அது வீட்டுக்குள் நுழைவதற்கு முன் பத்தாயம் காலியாக இருந்தாக வேண்டும். மார்கழிக் கடைசியில் வீடே தலைகீழாகப் புரண்டதற்கு முதல் காரணம் அதுதான். சாத்திரம், சம்பிரதாயம் எல்லாம் அதற்கப்புறம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடித்திருக்கும். கரையான் மண்கோடு போட்டு ஏறியிருக்கும். பத்தாயத்தின் அடியில் கிடக்கும் பழைய நெல்லில் வண்டும் அந்துப்பூச்சியும் குடியேறியிருக்கும். அதன் மேலேயே புது நெல்லைக் கொட்டினால் அதுவும் சேர்ந்து கெட்டுவிடும். ஆகவே அடிநெல்லை அள்ளி வெயிலில் போட்டு, பலகைகளைக் கழற்றித் துடைத்து, காய்ந்த நொச்சியும் வேப்பிலையும் பரப்பிய பிறகுதான் மூட்டை உள்ளே போகும்.

பத்தாயம் முடிந்தால் பரண். பெரியப்பா ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக இறக்குவார். ஆயா கீழே திண்ணையோரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். இறங்கும் ஒவ்வொரு சாமானும் அவர் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும். ஓட்டை விழுந்த பித்தளைத் தவலை பாத்திரக்காரருக்கு. ஈயம் தேய்ந்த அண்டாவைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்ந்த குழம்பு களிம்பேறிவிடும் என்பதால், ஈயம் பூசுகிறவர் வரும்வரை அதில் சமையல் கிடையாது. பழைய வேட்டி பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஏணை கட்டப் போகும். மெட்ரிக் அளவு வந்து எவ்வளவோ காலமாகியும் மரக்கால் மட்டும் திரும்பப் பரணுக்கே ஏறும். எட்டுப் படி கொண்ட கனத்த மரக்கால் அது.

“இதுவும் எதுக்கும்மா? லிட்டர்லதான அளக்கறோம்?” என்று பெரியப்பா கேட்டால், “எங்கப்பா வூட்லேர்ந்து வந்தது, மேல வையி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் ஆயா.

இவ்வளவும் கழிந்தபின் தீக்கு மிஞ்சுவது மிகவும் கொஞ்சம். கிழிந்த கோரைப்பாய், நைந்த முறம், அடிபோன கூடை, தேய்ந்த துடைப்பம், மக்கிய ஓலை. எல்லாமே ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் விளைந்தவை. போகி விடியலில் அவை எரிந்து அடங்க அதிக நேரம் ஆகாது. சாம்பல் எருக்குழிக்குப் போகும். பழையதையெல்லாம் கொளுத்த வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கொளுத்த வேண்டியதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை நாள் வேலை.

அந்தப் பொறுமை இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதை உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். ஏடு தேடி ஊர் ஊராகப் போன அவர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்று கேட்டு நொந்துபோனார். ஆடிப்பெருக்கில் சுவடிக்கட்டுகள் ஆற்றோடு போன கதைகளும் அவர் காதில் விழுந்தன. சீவக சிந்தாமணி 1887இலும் புறநானூறு 1894இலும் அச்சேறியதற்கு அவருடைய உழைப்பே காரணம். அதோடு, வீட்டில் இருப்பது என்ன என்று தெரியாமலே அதைக் கட்டிக் காத்த குடும்பங்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் பரணைச் சுத்தம் செய்த ஏதோ ஒரு மார்கழியில், யாரோ ஒரு பெரியவர் “அது இருக்கட்டும்” என்று சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது சென்னைப் புறநகரில் இருக்கிறோம். பத்தாயம் இல்லை, பரண் இல்லை. கார் ஷெட் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கார் வெளியே வெயிலில் நிற்கும், ஷெட்டுக்குள் சாமான் நிற்கும். உத்தரவாதக் காலம் முடியும்வரை வைக்கலாம் என்று ஏற்றிய அட்டைப்பெட்டி, அதற்குள் தெர்மாகோல், யாருக்கும் எதற்கென்று தெரியாத சார்ஜர்கள், காற்றிறங்கிய டயர், உப்பிப்போன இன்வெர்ட்டர் பேட்டரி, பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சைக்கிள். 2006இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவச டிவியும் அங்கேதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஷெட்டுக்குள் ஏறி நின்றபோது அட்டைப்பெட்டிகள் கூழாகிப்போயின. டிவி மட்டும் சேற்றோடு அப்படியே இருந்தது.

அந்த டிவியை என்ன செய்வது? அந்தக்காலப் பெட்டி டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. காயலான் கடையில் கொடுத்தால் உள்ளிருக்கும் தாமிரச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடியை எங்காவது போட்டு உடைத்துவிடுவார்கள். அண்டாவில் பூசிய ஈயம் வேறு, இது வேறு. அது சோறாக்க உதவிய வெள்ளீயம். இது மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து பிள்ளைகளின் மூளையைத் தாக்கும் காரீயம். பரணிலிருந்து இறங்கிய சாமானுக்கும் ஷெட்டிலிருந்து வெளியேறும் சாமானுக்கும் உள்ள தூரம் முழுவதும் இதில் இருக்கிறது.

ஆனால் போகி மட்டும் பழைய பெயரிலேயே வருகிறது. சென்னையில் விடியலில் டயரும் பிளாஸ்டிக்கும் ரெக்சின் பையும் எரிகின்றன. மார்கழிக் குளிரில் தரையோரக் காற்று மேலெழும்பாமல் தங்கிவிடும். பனியோடு புகையும் அங்கேயே அடைந்து நிற்கும். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானத்துக்கு வேறு ஊர் உண்டு. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அந்தக் காலையில் போக வேறு இடம் கிடையாது. பழக்கம் என்று சொல்லி இதை நியாயப்படுத்துகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. கோரைப்பாய் எரித்த தீயும் டயர் எரிக்கும் தீயும் ஒரே பழக்கம் ஆகா.

எங்கள் வீட்டில் போகிக்குப் பல நாள் முன்பே ஷெட்டைத் திறந்துவிடுகிறோம். கடைசி நாளுக்கு விட்டால் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். குவியலானதைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. முதல் வேலை, அம்மாவுக்கு வாசலில் நாற்காலி போடுவது. அம்மா பார்க்காமல் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. துணியும் சைக்கிளும் தெரிந்த வீடுகளுக்கு, கேட்டுவிட்டுத்தான் போகும்; வேண்டாத வீட்டில் கொண்டுபோய்த் தள்ளுவது தானம் ஆகாது. பழைய பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே விலையில் கழித்து எடுத்துக்கொள்கிறார்கள். டயரை மாநகராட்சி போகிக்கு முன் சேகரிக்கும்போது ஒப்படைத்துவிடலாம்.

அதிக நேரம் பிடிப்பது அப்பாவின் டிரங்குப் பெட்டி. அதைத் திறந்தால் அந்த மத்தியானம் முழுவதும் போய்விடும். போகட்டும் என்று விட்டுவிடுவேன். பத்திரத்தின் நகல்களுக்கும் வரி ரசீதுகளுக்கும் நடுவில் கல்யாணப் பத்திரிகைகள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், ஊர் நாடக நோட்டீஸ் ஒன்று.

“இதுல நாரதரா வந்தவரு உங்க அப்பாவோட சிநேகிதருப்பா. பாட்டு நல்லாப் பாடுவாரு” என்றார் அம்மா.

நோட்டீசில் அந்தப் பெயர் இல்லை. அம்மா சொன்னதைப் பென்சிலால் பின்பக்கம் எழுதி வைத்தேன். இப்படிப்பட்ட காகிதங்கள் குப்பை என்று எண்ணுகிறவர்கள், கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையாவை நினைத்துப் பார்க்கலாம். புத்தகங்களோடு பழைய பத்திரிகைகளையும் அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்து 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. தமிழரின் அச்சு வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றைக்கு அங்கேதான் போகிறார்கள்.

ஷெட் காலியானதும் கரையான் ஏறாமல் இருக்கத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி இரும்பு அலமாரி போட்டோம். வெள்ளத்துக்குப் பிறகு எதையும் தரையில் வைப்பதில்லை. ஊரிலிருந்து எடுத்துவந்த ஆயாவின் மரக்காலுக்கு மேல்தட்டு. கார் உள்ளே வந்துவிட்டது.

வழி தெரியாமல் நிற்பவை டிவியும் ஒரு பை நிறைய எரிந்துபோன சிஎஃப்எல் பல்புகளும்தான். பல்பு உடைந்தால் பாதரசம் வெளியே வரும். மின்னணுக் கழிவுக்கான விதிகள் 2012 மே மாதமே நடைமுறைக்கு வந்தன. 2016 விதிகளில் பாதரசம் உள்ள விளக்குகளையும் சேர்த்தார்கள். சட்டம் சரியாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவிலிருந்து ஒரு முதியவர் கையில் பையோடு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வரும் தூரத்தில் அதற்கு ஓர் இடம் வேண்டும். அது போகி வாரத்தில் மட்டுமல்லாமல் வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வார்டுக்கு ஒன்று கேட்டுத் தெருக்காரர்களோடு சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அம்மாவுடையது.