சேதாரமில்லாமல் சுய ஆய்வு செய்வது எப்படி?

ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர்கள் சிலர் கூடி, தாங்கள் பாடம் நடத்தும் லட்சணத்தைத் தாங்களே ஆராய்வது இன்று கௌரவமான ஆய்வு முறை. 1993இல் அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்துக்குள் இதற்கென்றே ஒரு குழு முளைத்தது. 1996இல் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட்மான்சூ கோட்டையில் (அகழியெல்லாம் உள்ள நிஜக் கோட்டை) மாநாடு கூட்டினார்கள். 2004இல் இரண்டு தொகுதிகளில் தடித்த கையேடும் வந்துவிட்டது. உங்கள் பி.எட். கல்லூரியிலும் செய்யலாம். பதற வேண்டாம். பக்குவமாகச் செய்தால் எதுவும் மாறாது.

முதலில் கூட்டாளி. 'விமர்சன நண்பர்' ஒருவர் வேண்டுமென்பது விதி. உங்கள் கையெழுத்து இல்லாமல் கேஷுவல் லீவ் எடுக்க முடியாத ஜூனியர் என்றால் உத்தமம். விமர்சனம் மிகமிக நட்பாக இருக்கும். அரிசோனாவில் முனைவர் பட்டத்துக்குப் படித்த நான்கு பெண்கள், வெவ்வேறு ஊர்களில் பேராசிரியர்களான பிறகு, புது வேலையின் தடுமாற்றங்களை ஒருவருக்கொருவர் கடிதமாக எழுதி, அதையே ஆய்வாக்கினார்கள். நமக்கு அந்தச் சிரமம் எதற்கு? வாட்ஸாப் குழு ஒன்று போதும். காலை வணக்கமும் ரோஜாப்பூவும் தரவு.

கேமரா மட்டும் ஆபத்து. ஜாக் வைட்ஹெட் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தபோது தன் வகுப்பை வீடியோவில் பார்த்தார். மாணவர்களே கேள்வி எழுப்பித் தேடுகிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்த வகுப்பு அது. கேள்விகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது அவரேதான். மனிதர் அதை அழித்துவிட்டுப் போகாமல், நான் செய்வதை எப்படி மேம்படுத்துவது என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் கேமராவை முதல் பெஞ்சில் குறிப்பெடுக்கும் மாணவியின் பக்கம் திருப்பி வையுங்கள்.

கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழக டாம் ரஸ்ஸல் இன்னும் ஒரு படி மேலே போனார். இயற்பியல் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மறுபடி பள்ளிக்கே போய் இயற்பியல் நடத்தினார். இந்தச் செய்தி உங்கள் முதல்வர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட், உங்கள் மைக்ரோ டீச்சிங் தத்துவங்களை மதிக்காது.

சுய ஆய்வுக்கு முன்னேற்றம் நோக்கமாக இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்தவர் விக்கி லபாஸ்கி. கவனியுங்கள், நோக்கம். ஆகவே முடிவுரையில் 'ஆழமான பிரதிபலிப்பு ஏற்பட்டது' என்று எழுதலாம். எது பிரதிபலித்தது என்று எழுதினால்தான் வம்பு. கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் வரட்டும், கூட்டாய்வு அல்லவா.

எல்லாம் முடிந்து, விரிவுரை முறையின் குறைகளைப் பற்றி நீங்கள் வழக்கம்போல் இரண்டு மணி நேரம் விரிவுரை ஆற்றுகையில், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். "சார், அப்ப இது என்ன முறை?" அருமையான கேள்வி என்று பாராட்டுங்கள். அதே தலைப்பில் திங்கட்கிழமை அந்தப் பையனையே செமினார் எடுக்கச் சொல்லிவிடுங்கள். ரெக்கார்டு நோட்டிலும் எழுதி வரட்டும், படம் போட்டு.