டென்ட் சித்தப்பா

சென்னையில் எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு டென்ட் சித்தப்பா இருப்பார். வயது நாற்பத்தைந்துக்கு மேல். பேங்கோ, இன்சூரன்ஸோ, ஐ.டி.யோ, சம்பளம் வாங்குவது எங்கேயாக இருந்தாலும் மனசு வேலை பார்ப்பது கூகுள் மேப்பில்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே, குடும்பத்தோடு ஒரு ராத்திரி டென்ட் போட்டுப் படுக்க நல்ல இடமாகக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் அவருடைய ஆயுள்கால ஆராய்ச்சி. ஊட்டி, கொடைக்கானல் என்று யாராவது வாயைத் திறந்தால், "அதுக்குப் பேரு டூர். நான் சொல்றது கேம்ப்பிங்" என்று வாயை அடைத்துவிடுவார்.

எது பக்கம் என்பதில்தான் அவருக்கும் சித்திக்கும் வழக்கு. ஏலகிரி அவருக்குப் பக்கம். "ஏறக்குறைய இருநூத்து முப்பது கிலோமீட்டர்தான். டீக்கு நிறுத்தலேன்னா நாலு மணி நேரம்." சித்தியின் கணக்கு வேறு. "மழை வந்தா ராத்திரியோட ராத்திரியா வீட்டுக்குத் திரும்பிடணும். அந்தத் தூரம்தாங்க பக்கம்." டீக்கு நிறுத்தாமல் அந்தக் குடும்பம் தாம்பரத்தைக்கூடத் தாண்டியதில்லை என்பது தனி விஷயம்.

ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா ஒவ்வொரு வளைவிலும் பெயர்ப்பலகையைப் பிள்ளைகளிடம் உரக்கப் படிக்கச் சொல்வார். தமிழ் வளர்ந்ததா தெரியாது. எந்த வளைவில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பது மட்டும் குடும்ப வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மேலே போனால், பக்கத்து டென்ட்டில் ப்ளூடூத் ஸ்பீக்கரும் பாட்டிலுமாக ஒரு கோஷ்டி. "இயற்கை" என்று சித்தப்பா ஆரம்பிக்கும்போதே குத்துப்பாட்டு அதை முடித்துவைக்கும்.

அவருடைய ஆராய்ச்சி முறை எளிமையானது. மேப்பை சேட்டிலைட்டுக்கு மாற்றுவார். நீலமாகத் தெரிந்தால் ஏரி, பச்சையாகத் தெரிந்தால் காடு. செங்கல்பட்டுப் பக்கம் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மே மாதம் போனால் ஏரிக்குள் கிரிக்கெட் மேட்ச் நடக்கும். நவம்பரில் போனால் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு நிற்கும். டென்ட் என்ன, செருப்பை விடக்கூட இடம் இருக்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரி, பிப்ரவரிதான் சரியான காலம் என்று அவருக்கும் தெரியும். அந்த இரண்டு மாதமும் பிள்ளைகளுக்கு ரிவிஷன் டெஸ்ட்.

ஒருமுறை மேப்பில் அழகான நீலம் ஒன்று கிடைத்தது. போய்ப் பார்த்தால் கைவிடப்பட்ட கல்குவாரி. சித்தி பிள்ளைகளைக் காரைவிட்டே இறங்க விடவில்லை. குவாரிக் குட்டையில் ஆழம் கரையிலிருந்தே ஆரம்பித்துவிடும் என்பதால், அன்றைக்கு அவர் பேச்சுக்கு அப்பீலே இல்லை.

பச்சையைத் தேடிப் போன கதை வேறு. அது காப்புக்காடு. பாரஸ்டர் வண்டியை மறித்து, "பர்மிஷன் இருக்கா சார்?" என்றார்.

"சும்மா ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறோம் சார். குடும்பத்தோட வந்திருக்கோம்."

"யானைக்கும் குடும்பம் இருக்கு சார்."

சித்தப்பாவிடம் பதில் இல்லை. 2018-இல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டபிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024-இல் அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறது. சித்தப்பா இப்போது அதையும் கரைத்துக் குடித்துவிட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குப் பாயசம் வருவதற்குள் பாதி பாதைகளைச் சொல்லி முடித்துவிடுவார்.

இடம் கிடைத்தாலும் மரம் கிடைக்க வேண்டுமே. புளியமரம் என்றால் பாட்டி வண்டியைவிட்டு இறங்க மாட்டார். அதில் குடியிருப்பவர்களைப் பற்றி அவருக்கு விவரமாகத் தெரியும். தென்னை என்றால் சித்தப்பாவே ஒதுக்குவார். மட்டையும் காயும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. மாமரத்தில் முசுறு. காய்ந்த ஆற்றுமணல் மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் மலையில் எங்கோ பெய்த மழை, இங்கே ஒரு தூறல்கூட விழாமல் வெள்ளமாக வந்து எழுப்பும். இதையெல்லாம் அவர் சொல்லும்போது கேட்பவருக்கு மரியாதை வரும். அதே வாயால், "இது நாலு பேர் டென்ட்" என்று சொல்லும்போதுதான் போய்விடும். நாலு பேர் என்று உறையில் போட்டிருந்தால் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் படுக்கலாம் என்று அர்த்தம். நாலாவது ஆள் எப்போதும் சித்தப்பாதான். ராத்திரி முழுக்கக் கார் சீட்டைச் சாய்த்துக்கொண்டு, கொசுவோடு இயற்கையை ரசிப்பார்.

ஜவ்வாது மலையில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் பேர் கிடைத்தது. ஊர் வெளிச்சம் குறைந்த மலை அது. அங்கே காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் காசு கொடுத்து ஒரு தனியார் நிலத்தில் டென்ட் போட்டு, சித்தப்பா போனை ஆகாயத்தை நோக்கிப் பிடித்தார். நட்சத்திரம் காட்டும் ஆப் சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "கொத்தா இருக்கே, அது கார்த்திகை. பக்கத்துல செவப்பா இருக்கிறது ரோகிணி. கீழ திருவாதிரை. போனைக் கீழ வைடா, கை வலிக்கும்" என்றார். பிள்ளைகள் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இடத்தைக் கண்டுபிடித்தவர் தனியாக நின்றார்.

ஆளாளுக்கு ஒரு விதி இருப்பதுதான் அவருடைய சோதனை. சித்திக்குத் தாழ்ப்பாள் உள்ள பாத்ரூம் வேண்டும். பாட்டிக்கு முதுகு சாய நாற்காலி. பெரியவனுக்கு சிக்னல், சின்னவளுக்குத் தண்ணீர். எல்லாருக்கும் சேர்த்து, கரியடுப்பு பற்றிக்கொள்ளாத ராத்திரிக்காக நடக்கிற தூரத்தில் ஒரு பரோட்டா கடை. இத்தனையும் உள்ள இடம் உத்திரமேரூர்ப் பக்கம் கிடைத்தது. அதுவும் சித்தி ஆபீஸில் கூட வேலை பார்ப்பவரின் அண்ணன் தோப்பு. கேட்டைத் திறந்துவிட ஆள், கிணறு, பம்புசெட், மேடான களம், முசுறு இல்லாத வேப்பமரம். பிள்ளைகள் பம்புசெட் தொட்டியைவிட்டு வெளியே வரவில்லை. கட்டுச்சாதம் மிச்சமில்லை. வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம்.

திரும்பி வரும் வழியெல்லாம் சித்தப்பா பேசவில்லை. மறுவாரம் மறுபடி மேப்பைத் திறந்துவிட்டார்.

"ஏங்க, அந்தத் தோப்புக்கு என்ன குறைச்சல்?"

"எல்லா வசதியும் இருக்கு. அது எப்படி கேம்ப்பிங் ஆகும்? இதைப் பாரு, திருவண்ணாமலைக்கு முன்னாடி ஒரு நீலம்..."

"நீங்க உங்க டென்ட்டைத் தூக்கிக்கிட்டு அந்த நீலத்துக்குப் போங்க. நாங்க சனிக்கிழமை தோப்புக்குப் போறோம்."

சித்தப்பா மேப்பைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்க த்ரீ பேஸ் கரண்ட் காலையிலயா, சாயங்காலமா? பம்புசெட் போடுற நேரத்துக்குப் போய்ச் சேரணுமில்ல?"